யம்மிக்கு ரெண்டு அர்த்தம்

மாதையன் விடிந்ததிலிருந்து கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். பலாக்காய் வெட்டத்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். பலாக்காய் சீசன் முடிந்து ரெண்டு மாசமாகிறது.

"வெட்டறதுன்னே முடிவு பண்ணிட்டியா?" என்று உள்ளேயிருந்து பெண்டாட்டி பூவிழி கேட்டாள்.

"அவன் இன்னிக்கும் வந்து அந்த வார்த்தையச் சொல்லட்டும். அப்பறம் இருக்குது."

அந்த வார்த்தை, யம்மி.

ஜமுனாமரத்தூரிலிருந்து அருவிக்குப் போகிற சாலையில் பூவிழி சாப்பாட்டுக் கடை போட்டு இன்னும் வருஷம் திரும்பவில்லை. சாமைச் சோறு, கொள்ளுத் துவையல், சொல்லி வைத்தால் நாட்டுக்கோழிக் குழம்பு. புருஷனைக் கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் பட்டினி கிடந்து வாங்கிய கடை. அது போனால் மறுபடி களை பிடுங்கத்தான் போக வேண்டும்.

நேற்று மத்தியானம் ஒரு கண்ணாடிக்காரன் காரில் வந்து இறங்கினான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழனாம், சந்தவாசல் பக்கம் பழைய காலத்துச் சாமானாகச் சேர்த்து ஓட்டல் கட்டுகிறானாம். போனில் இங்கிலீஷாய்க் கொட்டிவிட்டு, "யக்கா, சாப்பாட்டுக்கு யப்பளம் உண்டா?" என்று கேட்டபடி சமையல்கட்டை எட்டிப் பார்த்தான்.

அங்கே பூவிழி முதுகைக் காட்டி உட்கார்ந்து துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்தான்.

"யம்மி," என்றான், பெருமூச்சோடு. அதன்பிறகு இலை போட்டார்கள், சாப்பிட்டான். நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் பூவிழியின் தம்பி கலையரசன் வந்தான். பி.ஏ. இங்கிலீஷ். மாதையன் அவனைப் பிடித்து உட்கார வைத்து அர்த்தம் கேட்டான். கலையரசன் தனக்குத் தெரியும் என்றுதான் ஆரம்பித்தான், எதற்கும் இருக்கட்டுமென்று போனையும் தட்டினான்.

"ரெண்டு அர்த்தம் காட்டுது மாமா. ஒண்ணு, ரொம்ப ருசியா இருக்குதுன்னு. பரீட்சையில எல்லாம் எழுத மாட்டாங்க, சும்மா பேசறப்ப சொல்றது. கொழந்தைங்க கேக் தின்னுட்டுச் சொல்லும்."

"இன்னொண்ணு?"

கலையரசன் அக்காவைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். "ஆளப் பாத்தும் சொல்வாங்களாம். பாத்தாலே ஆசை வர்ற மாதிரி ஆளு இருந்தா."

"ஆளப் பாத்து ருசின்னு சொல்றதுக்கு அவன் இன்னா சிறுத்தையா?"

"மொத அர்த்தமாத்தான் இருக்கும் மாமா. நம்ம அக்காவப் போயி எவன்..." அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

மாதையனை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது. "எலை போடறதுக்கு முன்னாடியே சொன்னான்டா. நாக்குல ஒரு பருக்கை படல. ருசி எப்பிடித் தெரியும்?"

பி.ஏ. இங்கிலீஷ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. இன்னொரு தரம் அவன் அப்படிச் சொன்னால் அவனுக்கு வெட்டு, கடைக்குப் பூட்டு என்று மாதையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

பூவிழி அழுதாள். கடையை நினைத்துத்தான் அழுதாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாய் அவளை அழகு என்று சொன்னதில்லை. காலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நின்ற இடத்தில் யோசனை வந்தது.

"நீயே உள்ள உக்காந்து அரை. நான் சாக்குப் படுதாக்குப் பின்னாடி நின்னுக்கறேன். அவன் என்னப் பாக்கவே வேணாம். தின்னுட்டு யம்மின்னா அது துவையலு. அப்பறம் கடையப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது."

மாதையனுக்கு அது நியாயமாகப் பட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான், லுங்கியை மடித்துக் கட்டினான், கொடுவாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைக்க உட்கார்ந்தான். கொள்ளு லேசில் மசியவில்லை. கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் வேர்வை.

கார் வந்து நின்றது. கலையரசன் இலையை எடுப்பதற்குள் கண்ணாடிக்காரன் நேராகச் சமையல்கட்டு வாசலுக்கே வந்துவிட்டான். தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"யம்மி," என்றான். நேற்றைவிட நீளமான பெருமூச்சு.

மாதையன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். சுவர்தான் இருந்தது. கை தானாகப் போய்த் துண்டை எடுத்து நெஞ்சை மூடியது. கொடுவாள் அவன் நினைவிலேயே இல்லை.

"மாமா, ரெண்டாவது அர்த்தம்," என்று கலையரசன் முணுமுணுத்தான்.

"நான் வேர்த்து ஊத்திட்டுக் கெடக்கறன்டா."

"இன்னும் தொட்டுப் பாக்கலியே," என்றான் கண்ணாடிக்காரன், ஏக்கமாக. ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தான். மாதையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அதற்கு மேல் பூவிழியால் நிற்க முடியவில்லை. கனகாம்பரம் வைத்தவள் படுதாவுக்குப் பின்னால் இருக்க, அழுக்கு லுங்கிக்குக் கிடைக்கிறது யம்மி. படுதாவைத் தள்ளிக்கொண்டு வந்து புருஷனுக்கும் கண்ணாடிக்காரனுக்கும் நடுவில் நின்றாள்.

"இன்னா பார்வை பாக்கற? அது எம் புருஷன். நான் வுட மாட்டேன்."

கண்ணாடிக்காரன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான், சுவரோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றவனையும் பார்த்தான்.

"யண்ணன நீங்களே வெச்சுக்கங்க யக்கா. கொழவியோட அந்த யம்மிய மட்டும் குடுங்க."