மூன்று சாட்சிகள்

"அது எதுக்கு ஆத்தா, எல்லைக்கல்லுகிட்ட போயி மோந்து பாத்துட்டு வருது?"

பாண்டியராஜன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். காமயகவுண்டன்பட்டியில் அவருடைய திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அது. டிபன் பாக்ஸ் அளவில் மூன்று வண்டிகள், பந்தலின் கல்தூண்களுக்கு நடுவே திக்குக்கு ஒன்றாக உருண்டுகொண்டிருந்தன. அதில் ஒன்றுதான் எல்லைக்கல்லை முட்டி, ஒரு நொடி நின்று, யோசித்த மாதிரி திரும்பியது.

"ரோபோ, பெரியப்பா. பி.எச்டி.க்குச் செய்யிறேன்" என்றாள் வேல்விழி, நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இறந்துபோன தம்பியின் மனைவி ஜக்கம்மாவுக்கு அக்கா மகள் அவள். மதுரையில் படிக்கிறாள். ஒரு வாரமாகச் சித்தி தோட்டமே கதியென்று கிடக்கிறாள். ஒரு தோட்டத்தில் ஒரு வாரம் என்ன படிப்பு?

ஜக்கம்மா அவரோடு பேசி மூன்று வருடமாகிறது. காரணம் அந்தக் கல்தான். தம்பி இறந்த வருடம், ஒரு மழை நாளில், மூன்று எல்லைக்கற்களையும் இரண்டடி அவள் பக்கம் தள்ளி ஊன்றியிருந்தார் பாண்டியராஜன். ஊர்க்கூட்டத்தில் அவள் முறையிட்டபோது, "சாட்சி இருந்தா கூட்டிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். சாட்சி யாருமில்லை.

இப்போது மூன்று கற்களுக்கு மூன்று வண்டிகள்.

"இதுக என்னதேன் செய்யும்?"

"முன்னப்பின்ன தெரியாத எடத்துல விட்டா, மூணும் தனித்தனியாச் சுத்திப் பாக்கும். பாத்தத ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிரும். மூணும் சொல்றத ஒட்டவச்சு அந்த எடத்தையே படமாப் போட்டுரும் பெரியப்பா."

"அதுல ஒண்ணு பொய் சொன்னா?"

"மத்த ரெண்டும் காட்டிக் குடுத்துரும்."

"ஓகோ. சாட்சி மாதிரி."

"ஆமா, சாட்சி மாதிரித்தேன்!" சரியாகப் புரிந்துகொண்டாரே என்ற சந்தோஷத்தில் அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் பழம் வெட்டிக்கொண்டிருந்த ஜக்கம்மா திரும்பவில்லை. ஆனால் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது.

போகிற போக்கில் அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். 'ஒன்று – 2. இரண்டு – 2. மூன்று – 2.'

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"சின்னப்புள்ள வெளையாட்டுச் சாமானுக்கா இம்புட்டு வேர்வை?" என்றாள் மனைவி சந்தனம்மாள், சோறு போட்டுக்கொண்டே.

"வெளையாட்டா? மூணும் ரெண்டுன்னு சொல்லியிருக்குடி. ஒண்ணுகூடப் பெசகல."

"நீங்க தள்ளுனதும் ரெண்டடிதேன."

"வாய மூடு! ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். அந்தப் புள்ள படத்தைப் போட்டு நடுவுல விரிச்சுட்டான்னா, மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? இந்தப் பாண்டியராஜன் தம்பி பொண்டாட்டி மண்ணைத் தின்னவன்னு கம்பம் வரைக்கும் பேசுவாக."

"தின்னீகளா இல்லையா?"

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஜக்கம்மாவும் வேல்விழியும் டவுன் பஸ் ஏறினார்கள். கம்பத்து கொரியர் ஆபீசுக்கு மெட்ராஸிலிருந்து பார்சல் வந்திருக்கிறதாம். கண்டக்டர் வாய்வழி அது பாண்டியராஜன் காதுக்கு வந்தபோது அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. படம் அச்சடிக்கிற மெஷின்தான். வேறென்ன?

கடப்பாறையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

உச்சி வெயிலுக்குள் மூன்று கற்களும் பழைய இடத்தில் நின்றன. மேலே காய்ந்த மண்ணைத் தூவி, திராட்சைச் சருகையும் பரப்பிவிட்டார். கை இரண்டும் கொப்புளம். ஆனாலும் மனசு லேசாக இருந்தது. இனி எந்தச் சாட்சியும் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

பார்சலோடு அவர்கள் திரும்பி வந்தபோது வாய்க்கால் மேட்டிலேயே காத்திருந்தார்.

"ஆத்தா, ஒன் மெஷினை இப்ப ஓட்டு. என் முன்னாடி ஓட்டு. கல்லு எங்கன இருக்குன்னு மூணும் சொல்லட்டும். வேணும்னா ஊரையே கூப்பிடு!"

வேல்விழி பேந்தப் பேந்த விழித்தாள். ஜக்கம்மா மட்டும் எல்லைக்கல்லருகே போனாள். செருப்பு முனையால் சருகை ஒதுக்கினாள். அடியில் மண் ஈரமாக இருந்தது. அவருடைய கைகளைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவரிடம் வாய் திறந்தாள்.

"இப்பச் சரியா இருக்கு மச்சான்."

"இப்பவா? எப்பவும் சரியாத்தேன் இருந்துச்சு!" பாண்டியராஜன் வேல்விழி பக்கம் திரும்பினார். "நேத்து நோட்டுல ரெண்டு, ரெண்டுன்னு எழுதுனீல்ல, மொதல்ல அத அடிச்சிரு."

"அதுவா? பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்குதுன்னு எழுதுனேன் பெரியப்பா. சக்கரம் ஒழுங்கா ஓடுதா, முட்டுனா திரும்புதான்னுதேன் ஒரு வாரமாப் பாத்துட்டு இருந்தேன்."

"அப்ப எல்லைக்கல்ல அதுக பாத்தது?"

அவள் பார்சலைப் பிரித்தாள். பஞ்சுக்குள் சட்டைப் பித்தான் அளவில் மூன்று சின்னக் கண்ணாடிகள் இருந்தன.

"அதுக எங்கிட்டுப் பாக்கும் பெரியப்பா? அதுகளுக்குக் கண்ணே இன்னைக்குத்தேன வந்திருக்கு!"