கொட்டாப்புளியும் மூன்று பல்லும்

செவந்தி சணல் கயிறு திரிக்கும் கொட்டகையில் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலும் ஒரு மரச்சீப்பும் இருந்தன. ஊறிய சணல் தண்டைக் கொட்டாப்புளி அடித்து நசுக்கும். பிரிந்த நாரைச் சீப்பு சிக்கெடுக்கும்.

ஒரு நாள் பரணிலிருந்து தவறி விழுந்த கொட்டாப்புளி, சீப்பின் மேல் மூன்று முறை துள்ளியது. துள்ளலுக்கு ஒன்றாக மூன்று பற்கள் போயின.

"அண்ணே, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றது சீப்பு.

"நானா? உன் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருந்துச்சு தம்பி. என் மேல பழி போடாதே."

"செவந்தியக்கா பார்த்தா என்னை அடுப்புல வச்சிடுவாங்க."

"நல்ல மரம்தான் நீ. நின்னு எரிவே" என்று ஆறுதல் சொன்னது கொட்டாப்புளி.

காலையில் செவந்தி வந்தாள். சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

கயிறு முறுக்கும்போது மூன்று புரிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது அவளுக்கு நெடுநாள் தொல்லை. சீப்பில் பல் போன மூன்று இடைவெளிகளிலும் இடைவெளிக்கு ஒரு புரியாக நுழைத்து முறுக்கிப் பார்த்தாள். சீப்பு முன்னே நகர நகர, பின்னால் கயிறு சிக்கில்லாமல் வழுவழுவென்று வந்தது.

"சிக்கெடுக்க வேற சீப்பு செஞ்சுக்கலாம். இதை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

சீப்பு பல் போன இடமெல்லாம் தெரியச் சிரித்தது.

கீழே கிடந்த கொட்டாப்புளி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பி, அந்த மூணு பல்லையும் அளந்து பார்த்துத் தட்டினது யாருன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."