மேலே பார்க்கும் பிள்ளைகள்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலோடு கிடந்த அமலோற்பவத்துக்கு மடிக்கணினியில் வீடுகளைத் தேடுவதுதான் வேலையாகிப்போனது. ஆப்பிரிக்கக் காட்டுப் பகுதிகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் ஒரு தொண்டு நிறுவனம், வானத்திலிருந்து எடுத்த படங்களை அனுப்பிவைக்கும். கூரை தெரிகிற இடத்தில் அவள் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருக்கிற இடத்துக்குத்தான் ஊசி போடுகிறவர்கள் போவார்கள்.

ஒருநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

"பாறை மாதிரியில்ல இருக்கு" என்றார் கணவர் சூசை.

"பாறையைச் சுத்தி யாருங்க பெருக்கி வச்சிருப்பா? மண்ணு எப்படிப் பளிச்சுனு கிடக்கு, பாருங்க."

"தப்பாப் போச்சுன்னா? ஆத்தைத் தாண்டி அவங்க வீணா நடக்கணுமே."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இரண்டு முறை புள்ளியை வைத்து அழித்தாள்.

"வீடா இருந்துட்டா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு மூன்றாம் முறை வைத்தாள்.

பல வாரங்கள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. கூடவே சில வரிகள்: 'ஒரே வீடு, மூன்று பிள்ளைகள். மூவருக்கும் ஊசி போட்டாயிற்று. பிள்ளைகளிடம், மேலேயிருந்து ஓர் அம்மா உங்கள் வீட்டைப் பார்த்துச் சொன்னார் என்றோம்.'

படத்தில் ஒரு பிள்ளையும் கேமராவைப் பார்க்கவில்லை. மூன்றும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்படி எதைப் பாக்குதுங்க?" என்றார் சூசை.

அமலோற்பவம் திரைக்கு முன்னால் கையைத் தூக்கி மெல்ல அசைத்தாள்.