மோட்டார் சொல்லாமல் விட்ட பதில்

சாயப்பட்டறை மோட்டாரில் மின்கம்பியை இணைக்கும் கனெக்டர் தேய்ந்துபோனது. புதிதாக மாட்ட அலமாரியில் இரண்டு கனெக்டர்கள் இருந்தன.

இரும்புக் கவசம் போட்ட கனெக்டர் கேட்டது: "அண்ணே, உங்க இடத்தில் தண்ணீர் தெறிக்குமா? ஆவி அடிக்குமா?"

"பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி எத்தனை கேள்வி! உன்னைத் திருகி மாட்டுவதற்குள் பொழுதே போய்விடும்" என்று சிரித்தது மோட்டார். பக்கத்திலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரிடம், "நீ பொருந்துவாயா தம்பி?" என்று மட்டும் கேட்டது.

"பொருந்துவேன் அண்ணே."

ஒரே அழுத்தில் பொருந்தியும் விட்டது. மோட்டாருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரமே சாயத்தண்ணீர் உள்ளே இறங்கியது.

"அண்ணே, சுடுது."

"பொறுத்துக்கோ தம்பி, இந்தத் துணி மட்டும் முடியட்டும்."

துணி முடியுமுன் பொறி பறந்தது. வெள்ளைக் கனெக்டர் உருகிக்கொண்டே, "பொருந்துவேன்னுதானே சொன்னேன். தண்ணீர் இருக்கும்னு நீங்க சொல்லலையே அண்ணே" என்றது.

பிறகு இரும்புக் கனெக்டரை மாட்டினார்கள். மோட்டார் பழையபடி ஓடியது. ஆனால் தரையில் கருகிக் கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம், "தெறிக்கும் தம்பி, நாள் முழுக்கத் தெறிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.