அறைத்தோழியின் புகார்

பிஷ்கெக் மாணவியர் விடுதிக் காப்பாளர் ஜில்திஸ் அக்கா, அவர்கள் மொழியில் எஜே, பெகிமாயைக் கூப்பிட்டனுப்பினார். முழங்கை மடிப்பில் வெடித்துக் கசியும் கரப்பான் புண்ணைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய் நின்றாள். இதற்காகத்தான் போன வருடம் வேறொரு விடுதியிலிருந்து அவளை வெளியேற்றினார்கள்.

"ராத்திரியெல்லாம் சொறியிறியாமே. உன் அறையில இருக்கிற நுர்சுலு புகார் பண்ணிருக்கா."

"இது யாருக்கும் ஒட்டாது, எஜே. டாக்டரே சொன்னாங்க."

"போய் உன் போர்வையச் சுருட்டி எடுத்துட்டு வா."

"இந்தப் பனியில நான் எங்க போவேன், எஜே?"

"உன்னை யாரு போகச் சொன்னா? நாங்க குடுத்த கம்பளிதான் உனக்கு அரிப்பக் கிளப்புதாம். நாளைக்குள்ள பஞ்சுப் போர்வை மாத்திக் குடுக்கலேன்னா மேலிடத்துக்கு எழுதிடுவேன்னு என்னையில்ல மிரட்டிட்டுப் போறா அவ."