துளசிச் செடியின் வெட்டுக்கிளி

"நீ சைவமா, அசைவமா?" வாடகைக்கு வீடு கேட்டுப் போன அன்று கோமளா மாமி மேகலாவிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். "சைவம்" என்றாள் மேகலா. அது உண்மைதான். துணிப்பைக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பொம்மியைப் பற்றி மாமி கேட்கவில்லை. பொம்மி ஒரு டரான்டுலா, உள்ளங்கை அகலத்துக்கு மயிர் அடர்ந்த சிலந்தி. குடிவந்த சில நாளில், தோலுரித்த பிறகு பசி தாங்காமல் அது கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மாமி பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! இது என்னடி தின்னும்?"

"பூச்சி, மாமி. இவ உடம்பைவிடச் சின்னதா, மருந்து படாததா இருக்கணும். தெரு முழுக்கக் கொசு மருந்து அடிச்சிட்டாங்க. அந்தப் பூச்சியைத் தின்னா செத்துடுவா."

"அப்போ சைவம்னு சொன்னது?"

"அது நான், மாமி."

மாமி விறுவிறுவென்று மாடியேறினாள். மேகலா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். பாதி கட்டுவதற்குள் மாமி திரும்பி வந்தாள். முந்தானையெல்லாம் மண். கையில் இறுக மூடிய எவர்சில்வர் டப்பா. உள்ளே ஏதோ டக் டக்கென்று முட்டியது.

"மொட்டை மாடியில, சாமிக்குப் பறிக்கிற துளசியில உட்கார்ந்திருந்தது. அந்தச் செடியில ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல. அளவு சரியா இருக்கா பாரு."

பச்சை வெட்டுக்கிளி. பொம்மிக்கென்றே அளவெடுத்தது போலிருந்தது. பெட்டிக்குள் விட்டதும் பொம்மி ஒரே பாய்ச்சல். "பெருமாளே!" என்று மேகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள் மாமி. ஆனால் கண்ணை மூடவில்லை. பொம்மி இரையை அணைத்தபடி மூலைக்குப் போகும்வரை குழந்தை மாதிரி வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு மேகலா கட்டியிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்துவிட்டு, காலி டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.