நீல வில்லை

வரி ஆபீஸ் வாயிற்காவலர் நீட்டிய டோக்கனைக் கையில் வாங்கியதுமே, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

நீல பிளாஸ்டிக் வில்லை. மேலே ஓர் ஓட்டை. நடுவில் சூடு வைத்த மாதிரி ஓர் எண்.

"என்னக்கா அதையே பாத்துட்டு நிக்கிற, வா," என்றான் தம்பி.

நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். வரி பாக்கிக்காகக் கடையைப் பூட்டி சீல் வைக்கப்போவதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வரிப் பணத்தைத் தவறாமல் தம்பியிடம்தான் கொடுப்பேன். அவன்தான் போய்க் கட்டுவான். ஆபீசில் ஏதோ குளறுபடி, பேசிச் சரிபண்ணிவிடலாம் என்றான்.

பஸ்ஸில் வரும்போது வழிகளை விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தான். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை கொடுப்பார்களாம். அதுவும் முடியாதென்றால், கையில் காசு புரளும்வரை தள்ளிப்போடுவார்களாம். அதற்கும் வழியில்லையென்றால் அபராதத்தையாவது குறைக்கச் சொல்லிக் கேட்கலாமாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரார் அழுக்கைத் துவைத்து இவனைப் படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அசடு.

அதிகாரி அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தவணை உங்களுக்குக் குடுத்தாச்சேம்மா. பாதியில நிறுத்திட்டீங்க. தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டீங்க, போன மழைக்காலத்துல அதுவும் குடுத்தாச்சு. அபராதமும் ஒருதடவை குறைச்சாச்சு. நான் அப்போ இந்த சீட்ல இல்ல, ஆனா உங்க சார்பா யாரோ வந்துதான் எல்லாம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."

நான் இந்தப் படியை இன்றைக்குத்தான் மிதிக்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. துணியைத் தண்ணீரில் போடுமுன் எல்லாப் பைகளையும் துழாவிவிடுவேன். கிடைத்ததைக் கவரில் போட்டு, தேய்த்த துணியோடு பின் குத்திக் கொடுத்துவிடுவேன். என்ன ஏது என்று கேட்கமாட்டேன். அதனால்தான் என்னை நம்பி ஊரே துணி போடுகிறது.

போன மழைக்காலத்தில் தம்பியின் பேன்ட் பையில் ஒரு நீல வில்லை கிடந்தது.

அதையும் கவரில் போட்டு, பின் குத்தித்தான் கொடுத்தேன்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. பஸ்ஸில் அவ்வளவு வழியையும் எனக்காகத் தேடிப் படித்தவன் மாதிரி சொன்னானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னும் ஒரு வழி இருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க நம்பிக் குடுத்த ஆள் பணத்தைக் கட்டாம ஏமாத்தியிருந்தா, அவர் பேரை எழுதிக் குடுங்க. கடையை விட்டுட்டு அவரைப் பிடிப்போம். யாரும்மா அது?"

இந்த வழிக்குத் தம்பி விரல் விடவில்லை.

நான் வாய் திறக்குமுன் அவனே முந்திக்கொண்டான்.

"ஒரு ஏஜென்ட் மேடம். பாவம், செத்துப்போயிட்டாரு."

மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து மெதுவாக அழுத்தினான். கை சில்லென்று இருந்தது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து இப்படித்தான் பிடிப்பான். நானும் அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

கையை உருவிக்கொண்டேன்.

"செத்துப்போனவன் காலைல எங்க வீட்லதான் மேடம் சாப்பிட்டான்," என்றேன்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். என்னிடம் பேனா இல்லை.

தம்பியின் சட்டைப் பையில் ஒன்று செருகியிருந்தது. நான் தேய்த்துக் கொடுத்த சட்டைதான். கேட்காமல் எடுத்தேன்.